எப்போது, எவ்வளவு?

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் ஒரு மூலையில் எரிமலை இருக்கும். களிமண்ணில் பிடித்த மலை, உச்சியில் ஒரு குழி, குழிக்குள் சமையல் சோடா. வினிகரை ஊற்றியதும் சிவப்புச் சாயம் கலந்த நுரை பொங்கி வழியும். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் மாணவி மனப்பாடம் செய்த நான்கு வரிகளை ஒப்பிப்பாள். அவளிடம், "சோடாவை இரண்டு மடங்காகப் போட்டால் நுரையும் இரண்டு மடங்காகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

குறை அவளுடையதில்லை. அந்தச் சோதனையில் அவள் தீர்மானிக்க வேண்டியது எதுவுமே இல்லை. ஊற்றினால் பொங்கும், அவ்வளவுதான். கண்ணைக் கவர்கிற இத்தகைய வேடிக்கைகள் வகுப்பை ஐந்து நிமிடம் கட்டிப்போடும். ஆறாவது நிமிடத்தில் கரும்பலகையில் சமன்பாடு ஏறியதும் வகுப்பு பழையபடி தூங்கப் போய்விடும்.

தூத்துக்குடி உப்பளத்தில் நிற்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இந்தப் பாத்தி நீரை அடுத்த பாத்திக்கு இன்று திறந்துவிடலாமா, நாளைக்கா? உப்பை இப்போதே வாரலாமா? மீதி நீரை எப்போது வெளியே விடுவது? நாள் முழுவதும் முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறார். உடன்குடிப் பக்கத்துப் பனையேறி கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவுவது என்று தீர்மானிக்கிறார். கூடினால் பதநீர் காறும், குறைந்தால் பொழுது விடிவதற்குள் புளித்துவிடும். கிளிஞ்சல் சுடும் காளவாசல்காரர் நெருப்பை எப்போது அணைப்பது என்று தீர்மானிக்கிறார்.

இவர்களுக்கெல்லாம் தெரிந்தது 'எப்போது', 'எவ்வளவு' என்ற இரண்டும். 'ஏன் அப்போது, ஏன் அவ்வளவு' என்று கேட்டால் வேதியியல் தொடங்கிவிடுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஈர்க்கும் செயல்பாடுகளைத் தேடும் ஆசிரியர், ஊரின் தொழில்களில் யாரோ ஒருவர் முடிவெடுக்கும் அந்தப் புள்ளியைப் பிடித்தால் போதும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. மன்னார் வளைகுடாக் கரையில் அப்படிப்பட்ட புள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் சொல், பிறகு பார்

வேதியியல் ஏன் கடினமாகத் தெரிகிறது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் பேசுகிறது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று: உப்பு கரைகிறது, நிறம் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று: அயனிகள் பிரிகின்றன, சேர்கின்றன. மூன்றாவது குறியீடு: எழுத்தும் எண்ணும் அம்புக்குறியும். பல ஆண்டுகள் பழகியவர் இந்த மூன்றுக்கும் இடையே தாவுவதை உணர்வதுகூட இல்லை. புதிதாக வருகிற பிள்ளைக்கு மூன்றையும் ஒரே மூச்சில் கொடுத்தால் மூச்சு முட்டுகிறது. நம் வகுப்புகள் பெரும்பாலும் மூன்றாவது தளத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன.

இதைச் சரிசெய்ய உதவும் எளிய வகுப்பு முறை ஒன்றை ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் இருவரும் 1992இல் வெளியான தங்கள் நூலில் விரிவாக எழுதினார்கள். சோதனைக்கு முன்பே என்ன நடக்கும் என்று ஒவ்வொரு மாணவரும் காரணத்தோடு எழுத வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று விளக்க வேண்டும். ஊகம், உற்றுநோக்கல், விளக்கம்: இந்த வரிசைதான் முக்கியம். தான் எழுதிக் கையெழுத்திட்ட ஊகம் பொய்த்துப்போகும்போது ஒரு பிள்ளைக்கு வருகிற ஆர்வம் எந்த எரிமலையாலும் வராது.

கீழே வரும் செயல்பாடுகள் எல்லாவற்றிலும் இந்த வரிசையையே பின்பற்றலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம். ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது, அது உப்பாகவே இருந்தாலும்.

உப்பளத்து டிகிரி

தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்செய்ததும் வேலை தொடங்கும். அடுத்த மழை வரும்வரை வெயிலும் காற்றும்தான் எரிபொருள். நீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அங்கே 'டிகிரி'யில் சொல்வார்கள். அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் 1768இல் வகுத்த அளவு அது. தூய நீரில் மிதவைக் கருவி நிற்கும் இடம் 0. நூறு பங்கில் 15 பங்கு உப்பு உள்ள கரைசலில் அது நிற்கும் இடம் 15. இடைப்பட்ட தூரத்தை 15 சம பாகங்களாகப் பிரித்து, அதே இடைவெளியில் மேற்கொண்டும் கோடு போட்டுக்கொண்டே போகலாம். ஆகவே உப்பளத்து டிகிரி ஏறத்தாழ கரைந்திருக்கும் உப்பின் சதவீதத்தையே காட்டுகிறது.

இந்தக் கருவியை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒரு பாடவேளைக்குள் செய்துவிடலாம். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சோதனைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கிராஃப் தாள் பட்டை ஒன்றைச் செருகி, அடியில் மணல் போட்டு, வாயைத் தக்கையால் அடைக்க வேண்டும். தண்ணீரில் 12 சென்டிமீட்டர் ஆழம் மூழ்கி நேராக நிற்கும்படி மணலைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நீர்மட்டம் தொடும் இடம் 0. அடுத்து 15 கிராம் உப்பை 85 கிராம் தண்ணீரில் கரைத்த அதே விகிதத்தில் ஒரு கரைசல் தயாரித்து அதில் மிதக்கவிட்டால், குழாய் ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர் மேலே எழும்பும். அந்த இடம் 15. ஒரு டிகிரிக்கு 0.8 மில்லிமீட்டர் கிடைக்கிறது. கடல்நீரில் விட்டால் மூன்று டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும்.

இனி ஊகம். பத்து லிட்டர் கடல்நீரை அகன்ற தொட்டியில் ஊற்றிப் பள்ளி மொட்டைமாடியில் வையுங்கள். எவ்வளவு நீர் மிச்சமிருக்கும்போது உப்பு படியத் தொடங்கும்? 'பாதி' என்று சிலர் எழுதுவார்கள். 'கால்வாசி' என்று வேறு சிலர். அன்றாடம் டிகிரியையும் நீரின் அளவையும் குறித்துக்கொண்டே போனால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஆகும்வரை சாப்பாட்டு உப்பின் படிகம் தலைகாட்டாது. அப்போது கருவி 25 டிகிரியை ஒட்டிக் காட்டும்.

ஏன் பத்தில் ஒரு பங்கு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம். அதில் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். 100 மில்லிலிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 36 கிராம் சோடியம் குளோரைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அப்படியானால் 27 கிராமுக்கு 75 மில்லிலிட்டர் போதும். ஆனால் நிஜத்தில் 95 மில்லிலிட்டர் அளவிலேயே உப்பு படியத் தொடங்கிவிடுகிறது. அந்த 20 மில்லிலிட்டர் வித்தியாசத்தைத்தான் வகுப்பு துரத்த வேண்டும். கூடவே கரைந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடும் குளோரைடு அயனிகளைத் தந்துவிடுவதால் சோடியம் குளோரைடுக்கு இடம் குறைந்துபோகிறது. மேல்வகுப்பில் பொது அயனி விளைவு என்ற பெயரில் வரப்போகும் பாடம் இங்கே மொட்டைமாடியிலேயே முகம் காட்டிவிட்டது.

உப்பு படிவதற்கு முன்பே தொட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதையும் மாணவர்கள் கவனிப்பார்கள். உசிலியோ என்ற வேதியியலாளர் 1849இல் மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கி இந்த வரிசையை அளந்து பதிந்தார். நீர் பாதியாகும்போது கால்சியம் கார்பனேட், ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம், பத்தில் ஒரு பங்காகும்போது சோடியம் குளோரைடு, கடைசியாக மெக்னீசியம், பொட்டாசியம் உப்புகள். உப்பளத்தில் நீரை ஒரே பாத்தியில் தேக்கி வைக்காமல் பாத்தி பாத்தியாக நகர்த்துவதன் காரணம் இதுதான். ஜிப்சத்தை முந்தைய பாத்தியிலேயே இறக்கிவிட்டு, உப்புப் பாத்திக்குத் தெளிந்த நீர் மட்டும் வந்து சேர வேண்டும்.

மீதி நீரை 29, 30 டிகிரியில் வெளியே விடுவதன் காரணத்தையும் சோதிக்கலாம். ஒரு தட்டில் அந்தக் கட்டத்தில் நீரை வடித்துவிட்டு எடுத்த உப்பு. இன்னொரு தட்டில் வடிக்காமல் முழுக்கக் காயவிட்ட உப்பு. இரண்டையும் இரவு முழுவதும் திறந்து வைத்தால், காலையில் இரண்டாவது தட்டு கசிந்து நிற்கும். காற்றின் ஈரத்தை இழுத்தது மெக்னீசியம் குளோரைடு. அந்த உப்பைக் கரைத்துத் தெளிந்த சுண்ணாம்பு நீரை விட்டால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாக வீழ்படியும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புஜாடி ஏன் நசநசக்கிறது என்பதற்கும் இதுவே விடை.

கடைசியாக ஒரு வீட்டுக்கேள்வி. கடல் பக்கத்திலேயே இருக்கும்போது தூத்துக்குடியின் பல உப்பளங்கள் நிலத்தடியிலிருந்து உவர்நீரை இறைப்பது ஏன்? அது 7 டிகிரியில் கிடைப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு கிலோ உப்புக்கு எவ்வளவு நீரை வெயில் குடிக்க வேண்டும் என்று இரண்டு வழியிலும் கணக்கிடச் சொல்லுங்கள். ஆவியாக்கும் வேலையில் பாதிக்கும் மேல் மிச்சமாவது எண்களிலேயே தெரியும்.

பொங்காத சாக்பீஸ்

வகுப்பில் எல்லோர் கைக்கும் எட்டும் பொருள் சாக்பீஸ். பாடநூல் சுண்ணக்கட்டியைக் கால்சியம் கார்பனேட் என்கிறது. கார்பனேட் அமிலத்தில் பொங்கும். ஆகவே சாக்பீஸில் வினிகர் விட்டால் பொங்க வேண்டும் என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஊகிக்கும். பக்கத்திலேயே மீன்கடையில் கிடைத்த மட்டி ஓடு ஒன்றையும் வையுங்கள். வினிகர் விட்டதும் ஓட்டின் மேல் குமிழிகள் வரும். சாக்பீஸ் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

பாடநூல் பொய் சொல்லவில்லை. நம் ஊர்ச் சாதாரண சாக்பீஸ் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அச்சில் ஊற்றிச் செய்வது, அதாவது ஜிப்சம். மொட்டைமாடித் தொட்டியின் அடியில் உப்புக்கு முன்னால் படிந்த அதே பொருள். தூசி பறக்காத சாக்பீஸ் என்று விற்பவற்றில் சில பொங்கும், ஏனென்றால் அவற்றில் கார்பனேட் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் நான்கைந்து வகைகளை வாங்கி எது எதனால் ஆனது என்று கண்டுபிடிப்பது ஒரு நல்ல பாடவேளை.

அடுத்து 'எவ்வளவு'. மட்டி ஓட்டைக் கழுவிக் காயவைத்துத் தூளாக்கி, 10 கிராம் எடையிட்டு, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 120 மில்லிலிட்டரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். குடுவையை முன்னும் பின்னும் எடையிட்டால், வெளியேறிய கார்பன் டை ஆக்சைடின் எடை தெரிந்துவிடும். தூய கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் 4.4 கிராம் குறைய வேண்டும். பெரும்பாலும் சற்றே குறைவாக வரும். குழுக்களின் எண்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, அந்தக் குறைவு எங்கே போனது என்று விவாதிக்கவிட வேண்டும். வாயுவின் ஒரு பகுதி கரைசலிலேயே கரைந்து நின்றதா? எடையிட்டதில் தவறியதா? இல்லை, ஓடு முழுக்கக் கார்பனேட்டே இல்லையா?

மூன்றாவது சந்தேகத்துக்குத் தனிச் சோதனை உண்டு. முழு ஓட்டுத் துண்டு ஒன்றை வினிகரில் போட்டு, வினிகரை மாற்றிக்கொண்டே சில நாள் விட்டுவைத்தால் சுண்ணாம்பெல்லாம் கரைந்தபின் மெல்லிய சவ்வு போன்ற எச்சம் மிஞ்சலாம். அது புரதப்பொருள். உயிர் முதலில் இந்தச் சாரத்தைக் கட்டி, அதன் மேல் சுண்ணாம்பை அடுக்குகிறது. முத்தும் இப்படித்தான். அரகோனைட் என்ற வடிவக் கால்சியம் கார்பனேட் தகடுகள், ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமனில், நடுவே புரதப் பசையோடு அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அந்தத் தடிமன் ஒளியின் அலைநீளத்தை ஒட்டி இருப்பதால்தான் முத்துக்கு அந்த மினுமினுப்பு. சர் சி. வி. ராமன் 1930களில் ஒளிரும் சிப்பி ஓடுகளையும், 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துகளையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். சாக்பீஸுக்கும் முத்துக்கும் உள்ள வேறுபாடு பொருளில் மட்டுமா, அடுக்கிலுமா என்ற கேள்வி பத்தாம் வகுப்புக்கு எட்டாத கேள்வி இல்லை.

முத்தென்றதும் கிளியோபாட்ரா கதை நினைவுக்கு வரும். விலைமதிப்பற்ற முத்தைப் புளிக்காடியில் கரைத்துக் குடித்தாள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்தார். அந்த நூற்றாண்டிலேயே கொற்கைக் கடலின் முத்துக்குளிப்பு பற்றிக் கிரேக்கக் கடலோடி நூலான பெரிப்ளூஸ் பேசுகிறது. ஆகவே இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு அது அயலூர்க் கதை இல்லை. நடக்கக் கூடியதா? ஒரு கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 1.2 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். 5 சதவீத வினிகரில் கணக்கிட்டால் 24 மில்லிலிட்டர், ஒரு சிறு கோப்பைகூட நிரம்பாது. ஆக 'எவ்வளவு' சரியாக வருகிறது. சிக்கல் 'எப்போது' என்பதில்தான். அமெரிக்காவின் மான்ட்கிளேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புருடென்ஸ் ஜோன்ஸ் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்: ஒரு கிராம் எடையுள்ள முத்து வினிகரில் கரைய 24 முதல் 36 மணி நேரம் ஆனது. விருந்து அவ்வளவு நேரம் நீண்டிருக்காது. முத்தைப் பொடித்தால்? சூடாக்கினால்? வினிகரின் செறிவைக் கூட்டினால்? வினைவேகப் பாடத்தின் மூன்று காரணிகளும் இங்கே மட்டி ஓட்டுத் துண்டுகளோடும் ஒரு கடிகாரத்தோடும் கிடைத்துவிடுகின்றன.

தூத்துக்குடிக் கடலின் முத்துப்பார்களில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் க. அழகர்சுவாமி தலைமையிலான குழு சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியது. 1973 ஜூலையில் கிடைத்தது அந்த வெற்றி. உருட்டிய ஓட்டு மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் உள்ளே வைத்தால், அந்தத் திசு வளர்ந்து மணியைச் சுற்றி அரகோனைட்டைப் பூசத் தொடங்குகிறது. வகுப்பில் நாம் கரைக்கும் பொருளைச் சிப்பி கடல்நீரிலிருந்து எப்படிக் கட்டுகிறது என்று கேட்க இது நல்ல இடம்.

அந்தக் கட்டுமானத்துக்கு வந்திருக்கும் ஆபத்தையும் சோதனையாகவே காட்டலாம். ஒரு குவளையில் பேட்டரிக்கு ஊற்றும் தூய நீர், இன்னொன்றில் கடல்நீர். இரண்டிலும் புரோமோதைமால் நீலம் சில துளி விட வேண்டும். தூய நீருக்கு ஒரு துளி சுண்ணாம்பு நீரும் விட்டு, இரண்டும் நீலமாகத் தொடங்கும்படி செய்ய வேண்டும். குழாய் வழியே ஊதினால் தூய நீர் சட்டென மஞ்சளாகும், கடல்நீர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அதில் கரைந்துள்ள பைகார்பனேட் அமிலத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஊதிக்கொண்டே இருந்தால் அதுவும் மாறும். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து இன்றுவரை கடல் மேற்பரப்பின் பிஎச் மதிப்பு சுமார் 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். பிஎச் மடக்கை அளவு என்பதை நினைவூட்டிக் கணக்கிடச் சொன்னால், ஹைட்ரஜன் அயனிகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருப்பது தெரியவரும்.

செயல்பாட்டுக்கான ஓடுகளைக் கடைகளில் கறிக்கு விற்கும் மட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. எது கால்சியம் கார்பனேட் என்று தெரிந்த பிள்ளைக்கு, அதை எங்கிருந்து எடுக்கக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கலயத்துச் சுண்ணாம்பு

கிளிஞ்சலைச் சுட்டால் 100 கிலோவுக்கு 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போகும். சுட்ட சுண்ணாம்பை நீற்றுவது மாணவர் கையில் கொடுக்கும் வேலை இல்லை. தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கடையில் கிடைக்கும் நீற்றிய சுண்ணாம்பே போதும், அதையும் கண்ணாடி அணிந்தே தொட வேண்டும்.

பனம்பாளையிலிருந்து சொட்டும் நீரில் சுமார் 12 சதவீதம் சர்க்கரை இருக்கிறது. காற்றிலுள்ள ஈஸ்ட்டுக்கு அது விருந்து. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வகுப்பறையில் கள் இறக்கினால் தலைமையாசிரியர் சும்மா இருக்க மாட்டார். ஆகவே 12 சதவீதச் சர்க்கரைக் கரைசலும் ரொட்டிக்கடை ஈஸ்ட்டும் போதும். இரண்டு புட்டிகளில் சம அளவு ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, இரண்டின் வாயிலும் பலூனை மாட்டுங்கள். சில மணி நேரத்தில் சுண்ணாம்பில்லாப் புட்டியின் பலூன் நிமிரும். மற்றது தொங்கும். 'சுண்ணாம்பு ஈஸ்ட்டை நிறுத்திவிட்டது' என்று வகுப்பு எழுதி முடிக்கும்.

இங்கேதான் ஆசிரியர் குறுக்கிட வேண்டும். சுண்ணாம்பு நீரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று முன்பே படித்திருக்கிறோமே? சுண்ணாம்பு அதை விழுங்கிக் கால்சியம் கார்பனேட்டாக்கிவிடும். அப்படியானால் ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பலூன் தொங்கலாம் அல்லவா? தொங்கும் பலூன் எதையும் நிரூபிக்கவில்லை. வேறு சாட்சி வேண்டும். நல்ல வகுப்பில் யாராவது ஒருவருக்கு உப்பளக் குழாய் நினைவுக்கு வரும். சர்க்கரை செலவானால் கரைசலின் அடர்த்தி குறைய வேண்டும், குழாய் இன்னும் ஆழமாக மூழ்க வேண்டும். 12 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் அது ஏழு டிகிரியை ஒட்டிக் காட்டும். மறுநாள் காலை இரண்டு புட்டிகளையும் கலக்கி, குமிழிகள் அடங்கியபின் மீண்டும் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சோதனை முடிந்ததும் இரண்டையும் கொட்டிவிட வேண்டும்.

சுண்ணாம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. அமிலம் இருந்தால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளாகும். அவை கூடினால் பாகு சரியாகக் கட்டியாகாது. பதநீரைக் காரநிலையில் வைத்திருப்பதன் மூலம் சுண்ணாம்பு கருப்பட்டி இறுகுவதற்கும் வழிசெய்கிறது. சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள்தூள் தடவிய தாளே போதும். காரத்தில் அது சிவக்கும்.

மஞ்சள் தாளில் மின்சார எழுத்து

அதே மஞ்சள் தாளோடு இன்னொரு செயல்பாடு. தாளை உப்புநீரில் நனைத்து அலுமினியத் தகட்டின் மேல் விரித்து, தகட்டை 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையோடு இணைக்க வேண்டும். எதிர்முனையோடு இணைத்த ஆணியால் தாளில் மெல்ல எழுதினால் எழுத்து சிவப்பாக விழும். ஆணி தொட்ட இடத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் போக, சோடியம் ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. முனைகளை மாற்றினால் எழுத்து விழுமா என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள்.

இந்த வினையையே பெருமளவில் செய்கிறது ஆறுமுகநேரி அருகே சாகுபுரத்தில் உள்ள காஸ்டிக் சோடா ஆலை. தூத்துக்குடியிலுள்ள இன்னொரு ஆலை உப்பு, அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் சேர்த்துச் சோடா உப்பு தயாரிக்கிறது. ஆண்டுக்கு 60,000 டன் வரை கார்பன் டை ஆக்சைடைத் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே பிடித்துப் பயன்படுத்தும் அமைப்பு அங்கே 2016இல் வந்தது. காளவாசலில் வெளியேறிய 44 கிலோவையும் இந்த ஆலைக்குள் போகும் கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் மாணவருக்கு, மோல் கணக்கு தேர்வுக்கான சடங்காகத் தெரியாது.

வேறு ஊர்கள், அதே கேள்வி

உள்ளூர்ப் பொருளைக் கொண்டு அறிவியல் கற்பிப்பது புதிய யோசனை அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளில் சோதனைவழிக் கற்றலை முப்பது ஆண்டுகள் நடத்திக்காட்டியது. தமிழ்நாட்டில் 1987 முதல் 'துளிர்' இதழ் சிறுவர்களுக்கு எளிய சோதனைகளை எழுதி வருகிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. ஒன்பதும் பத்தும் வரும்போது பொதுத்தேர்வு நிழல் விழுந்து, சோதனை பின்னுக்குப் போகிறது. வேதியியல் கனக்கத் தொடங்குவது சரியாக அந்த வகுப்புகளில்தான்.

தூத்துக்குடிக்கு உப்பும் சிப்பியும் பனையும் என்றால் மற்ற ஊர்களுக்கு வேறு. ஆம்பூரில் தோல் பதனிடுபவர் எந்த அமிலநிலையில் தோலை எடுக்கிறார்? திருப்பூரில் சாயத்தொட்டியில் உப்பை ஏன், எவ்வளவு போடுகிறார்கள்? சிவகாசியில் எந்த உலோக உப்பு எந்த நிறத்தைத் தருகிறது? ஒவ்வொன்றிலும் ஒருவர் கண்ணாலும் மூக்காலும் கைப்பழக்கத்தாலும் முடிவெடுக்கிறார். அவர் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், அன்றைய பாடத்தின் முதல் தகவல் அந்தப் பிள்ளையிடமிருந்துதான் வர வேண்டும். கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு டிகிரி பற்றி ஆசிரியரைவிட அதிகம் தெரிந்திருப்பது தூத்துக்குடியில் அதிசயம் இல்லை.

வகுப்பு மாறினால் தேர்வும் மாற வேண்டும். தேர்வில் வினா மாறாதவரை எந்தச் செயல்பாடும் வெள்ளிக்கிழமைப் பொழுதுபோக்காகவே நிற்கும். 'தெவிட்டிய கரைசல் என்றால் என்ன?' என்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: பாத்தியில் நீர் 22 டிகிரி. நாளை மாலை கனமழை என்கிறது வானிலை அறிக்கை. உப்பை இன்றே வாரலாமா? முடியாதென்றால் இந்த நீரை என்ன செய்வாய்? காரணம் கூறு.

22 டிகிரியில் வாருவதற்கு உப்பே இருக்காது என்று முதலில் எழுத வேண்டும். அகன்ற பாத்தியிலேயே விட்டுவைத்தால் மழை முழுவதும் அதில் விழுந்து பல நாள் வெயிலின் உழைப்பு கரைந்துபோகும் என்று அடுத்து எழுத வேண்டும். பரப்பு குறைந்து ஆழம் கூடிய தெப்பத்துக்கு நீரை மாற்றினால் அதே மழையில் குறைவாகவே நீர்த்துப்போகும் என்பது மூன்றாவது. செறிவு, தெவிட்டல், பரப்பு, நீர்த்தல் எல்லாம் ஐந்து மதிப்பெண்ணுக்குள் வந்துவிட்டன. எந்தக் கையேட்டிலும் இதற்கு ஆயத்த விடை கிடைக்காது. மொட்டைமாடியில் குழாயை மிதக்கவிட்டுக் குறித்துக்கொண்ட பிள்ளைக்கு அது தேவையும் இல்லை.